கன அளவு மைனஸில் போகுமா? கார் மோதல் சிமுலேஷனைப் பாதியில் நிறுத்தும் ‘கோணல் கட்டங்கள்’ – ஓர் எளிய விளக்கம்

ஒரு ஸ்பாஞ்சைக் கையில் எடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்குங்கள். அதன் கன அளவு குறையும், குறைந்துகொண்டே போகும். ஆனால், பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? போகவே போகாது. மைனஸ் 2 லிட்டர் ஸ்பாஞ்ச் என்று நிஜ உலகத்தில் ஒன்று கிடையாது.

கம்ப்யூட்டரில் உண்டு. கார் பம்பர், ரப்பர் சீல், ஹெல்மெட் ஃபோம் என எதையாவது கணினிக்குள் நசுக்கிப் பார்க்கும் பொறியாளர்களுக்கு ‘நெகட்டிவ் வால்யூம்’ என்ற எரர் மெசேஜ் ரொம்பவே பழக்கம். பல மணி நேரம் ஓடிய கணக்கு, அந்த ஒற்றை வரியோடு பாதியில் படுத்துவிடும். அடுத்த நாள் காலையில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ‘எப்படியாவது இந்த ரன்னை முடிச்சா போதும்’ என்றுதான் தோன்றும்.

ஆபத்து தொடங்குவதே அந்த நினைப்பில்தான். எரர் வந்து நின்றுபோன சிமுலேஷன் யாரையும் ஏமாற்றுவதில்லை. உள்ளுக்குள் கோணலாகி, வெளியே அழகாக ஓடி முடிந்த சிமுலேஷன்தான் ஏமாற்றும். இந்தக் கோணல் எப்படி வருகிறது, எப்படிச் சரிசெய்கிறார்கள், சரிசெய்கிறேன் என்று எங்கே சறுக்குகிறார்கள்? பார்க்கலாம்.

கட்டம் கட்டமாக ஒரு கார்

கார் மோதும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் எப்படி மடங்கும் என்பதை ஒரே சமன்பாட்டில் எழுத முடியாது. அதனால் காரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஓர் ‘எலிமென்ட்’. துண்டுகள் சேரும் மூலைப் புள்ளி ‘நோடு’. எல்லாம் சேர்ந்த வலை ‘மெஷ்’. கோலத்துக்கு முதலில் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு கோடு இழுக்கிறோமே, அதே மாதிரி. புள்ளிகள் எங்கே நகர்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால், இடையில் உள்ள பொருள் எப்படி நெளிகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இதற்குப் பெயர் ஃபைனைட் எலிமென்ட் முறை. 1956இல் டர்னர், க்ளஃப் உள்ளிட்ட நால்வர் விமான இறக்கைகளுக்காக எழுதிய ஆய்வுக் கட்டுரை இதன் முக்கியமான தொடக்கம். அந்தப் பெயரை 1960இல் வைத்தவர் ரே க்ளஃப்.

ஒரு பாலம் லேசாக வளைவதைக் கணக்கிட இந்த முறை சுலபம். ஆனால் கார் மோதலில் எல்லாமே தலைகீழ். இரும்புத் தகடு துணி மாதிரி மடிகிறது. ஃபோம் தன் தடிமனில் கால்வாசிக்கும் கீழே நசுங்குகிறது. இதைக் கணக்கிடும் மென்பொருள்களில் பிரபலமான ‘எல்எஸ்-டைனா’வின் வேர், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 1976இல் ஜான் ஹால்க்விஸ்ட் எழுதிய ‘டைனா3டி’ என்ற புரோகிராம். அது அணு ஆயுத ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டது. 1980களில் கார் நிறுவனங்கள் இந்த வகைக் கணக்கைக் கையில் எடுத்தன. ஃபோக்ஸ்வாகன் போலோ காரை வைத்து ஜெர்மனியில் செய்த ஆரம்பகால முழுக் கார் மோதல் சிமுலேஷனில் இருந்தவை சுமார் 5,500 எலிமென்ட்கள்தான். இன்றைய கார் மாடல்களில் பல லட்சம் எலிமென்ட்கள் சாதாரணம்.

இது நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் என்சிஏபி’ சோதனையில், கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஓர் அலுமினியத் தேன்கூட்டுத் தடுப்பில் மோதவிடப்படுகிறது. காரின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டுமே தடுப்பில் படும். நிஜக் காரை உடைப்பதற்கு முன்பே, அந்த மோதலைக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள் வடிவமைப்பாளர்கள்.

கட்டம் போட்ட சட்டையும் ஜன்னல் கம்பியும்

கட்டம் ஏன் கோணலாகிறது? ஒரு கட்டம் போட்ட சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். துணியைக் கசக்கினால் கட்டமும் சேர்ந்து கசங்கும். இழுத்தால் கட்டமும் நீளும். கட்டம் துணியோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான மோதல் சிமுலேஷன்களில் மெஷ் இப்படித்தான் பொருளோடு ஒட்டி நகர்கிறது. இதற்கு ‘லக்ராஞ்சியன்’ முறை என்று பெயர்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பொருளின் எல்லை எங்கே, எது எதோடு உரசுகிறது என்று எப்போதும் தெளிவாகத் தெரியும். தொல்லையும் அதே இடத்தில்தான். பொருள் எவ்வளவு மோசமாக நெளிகிறதோ, அவ்வளவு மோசமாக மெஷ்ஷும் நெளியும்.

இதற்கு நேரெதிர் ‘ஆய்லரியன்’ முறை. இது ஜன்னல் கம்பி மாதிரி. ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் கம்பிக் கட்டம் அப்படியே நிற்கும், வயலும் மரமும் அதைத் தாண்டி ஓடும். மெஷ் நகராது, பொருள்தான் அதன் வழியாகப் பாயும். கட்டம் கோணலாகும் பிரச்சினையே இல்லை. ஆனால் பொருளின் ஓரம் எந்தக் கட்டத்தில், எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய தகடு மடிவதை இந்த முறையில் பார்ப்பது கஷ்டம்.

மைனஸ் எங்கிருந்து வருகிறது?

மென்பொருளுக்கு ஒவ்வொரு எலிமென்ட்டும் மனதளவில் ஒரு கச்சிதமான கனசதுரம். நிஜ மெஷ்ஷில் அது சாய்ந்தோ நீண்டோ இருக்கலாம். கச்சிதமான வடிவத்துக்கும் நிஜ வடிவத்துக்கும் இடையே உள்ள கன அளவு விகிதத்தைச் சொல்லும் எண்தான் ‘ஜகோபியன்’. எலிமென்ட் ஒழுங்காக இருந்தால் அது பாசிட்டிவ். நசுங்க நசுங்கக் குறையும்.

இப்போது ஒரு மூலைப் புள்ளியை ரொம்ப அழுத்தினால் என்ன ஆகும்? அது எதிர்ப்பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். நிஜப் பொருளில் இது நடக்காது. ஆனால் கணினிக்குப் புள்ளிகள் வெறும் எண்கள்தானே! சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டதுபோல எலிமென்ட் புரண்டுவிடும். ஜகோபியன் மைனஸ் ஆகும். மைனஸ் கன அளவு, மைனஸ் அடர்த்தி என்று எதற்கும் அர்த்தம் இல்லாததால், சால்வர் கையை விரித்துவிடுகிறது.

இதில் முதலில் மாட்டுவது ஃபோம்தான். சீட், பம்பர், கதவின் உள்பக்கம் என்று எங்கும் இருக்கும் ஃபோம், பக்கத்தில் உள்ள இரும்பைவிடப் பல மடங்கு மென்மையானது. நிஜ ஃபோமை அழுத்தினால் முதலில் சுலபமாக அமுங்கும். உள்ளே இருக்கும் காற்றறைகள் எல்லாம் மூடிக்கொண்டதும் சட்டென்று கல் மாதிரி இறுகும். ஆய்வகச் சோதனை பெரும்பாலும் அந்த இறுக்கம் முழுதாக வருவதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருக்கும். அந்தப் பாதி வரைபடத்தை அப்படியே மாடலில் கொடுத்தால், மென்பொருள் கடைசிச் சாய்வை அப்படியே நீட்டிக்கொள்ளும். இறுக வேண்டிய ஃபோம் இறுகாமல் அமுங்கிக்கொண்டே போகும். கடைசியில் புரளும்.

ஒரு கட்டம் நசுங்கினால் மொத்தக் காரும் நத்தை

புரள்வதற்கு முன்பே இன்னொரு தொல்லை வரும். மோதல் கணக்கு ஒரே மூச்சில் நடப்பதில்லை. நேரத்தைத் துளித்துளியாக வெட்டி, ஒவ்வொரு துளிக்கும் ஒருமுறை கணக்கிடுகிறார்கள். அந்தத் துளி எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? ஒலி அலை ஓர் எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக. இது மாற்ற முடியாத விதி.

ஸ்டீலில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் போகும். 5 மி.மீ. எலிமென்ட் என்றால் துளி நேரம் சுமார் 1 மைக்ரோ விநாடி. ஒரு மோதல் 0.1 விநாடி நீடித்தால் சுமார் 1 லட்சம் படிகள். இப்போது அந்தப் பல லட்சம் எலிமென்ட்களில் ஒன்றே ஒன்று மட்டும் நசுங்கி 0.5 மி.மீ. ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். துளி நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த ஒரே ஓர் எலிமென்ட்டுக்காக மொத்தக் காரும் அதே சின்னத் துளியில் நகர வேண்டும். ராத்திரிக்குள் முடிய வேண்டிய ரன், நாள்கணக்கில் இழுக்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நசுங்கிய எலிமென்ட்டின் எடையைச் செயற்கையாகக் கூட்டினால் அதில் ஒலி மெதுவாகப் போகும், துளி நேரம் பழையபடி பெரிதாகும். ‘மாஸ் ஸ்கேலிங்’ என்று பெயர். அளவோடு செய்தால் சரி. கண்ணை மூடிக்கொண்டு செய்தால், காரின் முன்பக்கத்தில் இல்லாத எடை ஏறி, மோதலின் கதையே மாறிவிடும்.

எரர் வராத கோணல்: உடுக்கை

கணக்கை வேகமாக்க, எட்டு மூலை கொண்ட கனசதுர எலிமென்ட்டின் நடுவில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தத்தை அளப்பது வழக்கம். எட்டு இடத்தில் அளப்பதைவிட இது எவ்வளவோ சீக்கிரம் முடியும். நசுங்கலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

எட்டு மூலைகளும் மூன்று திசைகளில் நகரலாம். மொத்தம் 24 வழிகள். அதில் 6 வெறும் நகர்வும் சுழற்சியும். நடுப்புள்ளியால் உணர முடிகிற உருமாற்றங்கள் 6. மீதி 12 வழிகளில் எலிமென்ட் எப்படி நெளிந்தாலும் நடுப்புள்ளிக்குத் தெரியவே தெரியாது! அந்த நெளிவுக்கு எந்த எதிர்ப்பும் இருக்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி மாறி மாறி நெளியும். ஆங்கிலத்தில் இதை மணல் கடிகாரத்தோடு ஒப்பிட்டு ‘ஹவர்கிளாஸிங்’ என்கிறார்கள்.

இதைத் தடுக்க மென்பொருள் ஒரு செயற்கை விசையைக் கொடுக்கும். அந்த விசை வேலை செய்தால் ஆற்றல் செலவாகும். அது எந்த இரும்பும் மடிந்து செலவான ஆற்றல் இல்லை, கணக்குக்காக உருவான போலி ஆற்றல். பொருள் உருமாறுவதில் செலவாகும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இது இருக்க வேண்டும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கட்டைவிரல் விதி. 5 சதவீதத்தைத் தாண்டினாலே கேள்வி கேட்பவர்களும் உண்டு.

10 சதவீதம் என்பது சின்ன விஷயமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1.9 லட்சம் ஜூல். அதில் 10 சதவீதம் 19,000 ஜூல். அதே கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினால் எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இது ஒரு மோதலையே சோற்றில் மறைப்பது. இத்தனைக்கும் எந்த எரரும் வராது. ரன் ‘நார்மல் டெர்மினேஷன்’ என்று முடியும். அனிமேஷனும் பிரமாதமாக இருக்கும்.

47 சதவீதம் குறைவு: கடலில் மூழ்கிய கணக்கு

‘மெஷ் கொஞ்சம் கோணலா இருந்தா என்ன ஆகிடப் போகுது?’ என்று கேட்பவர்களுக்குப் பொறியியல் வகுப்புகளில் சொல்லப்படும் பதில், ஸ்லைப்னர் ஏ.

நார்வேயின் கடல் எரிவாயு வயலுக்காகக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் அது. வட்ட வட்டமான 24 கான்கிரீட் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிய அமைப்பு. 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவங்கர் நகருக்கு அருகே காண்ட்ஸ்ஃபியோர்டில் அதைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சுவர் விரிசல் விட்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அடித்தளம் மூழ்கி, கடல் தரையில் மோதி நொறுங்கிய அதிர்வு ரிக்டர் அளவில் 3 ஆகப் பதிவானது. உயிரிழப்பு இல்லை. பொருளாதார இழப்பு சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

விசாரணையில் தெரிந்தது இதுதான். மூன்று அறைகள் சந்திக்கும் முக்கோண மூலைகளில் மெஷ் பெரிய கட்டங்களாக, சாய்ந்த வடிவத்தில் இருந்தது. அதனால் அங்கே வெட்டு விசை உண்மையைவிட 47 சதவீதம் குறைவாகக் காட்டப்பட்டது. அதை நம்பிச் சுவரின் தடிமன் முடிவானது. அந்த இடத்தில் கம்பிகளும் போதிய நீளத்துக்கு வைக்கப்படவில்லை. விபத்துக்குப் பிறகு நுட்பமான மெஷ் போட்டுப் பார்த்தபோது, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று கணக்கு சொன்னது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. ஸ்லைப்னரில் மெஷ் நசுங்கிக் கோணலாகவில்லை. தொடக்கத்திலேயே கோணலாக வரையப்பட்டிருந்தது. கார் மோதலில் நேராகத் தொடங்கிய மெஷ், ஓட ஓடக் கோணலாகிறது. வழி வேறு. ஆனால் கோணலான எலிமென்ட் தவறான விசையைக் காட்டும் என்பதும், அதற்கு எரர் மெசேஜ் எதுவும் வராது என்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ரன் நின்றுவிட்டால் வரிசையாக என்ன பார்க்க வேண்டும்?

நெகட்டிவ் வால்யூம் வந்தவுடன் மெஷ்ஷைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் போட ஓடுவது பலரும் செய்யும் தப்பு. கோணல் என்பது காய்ச்சல் மாதிரி, நோய் வேறெங்கோ இருக்கலாம். அனுபவசாலிகள் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் தேடுவார்கள்.

1. எந்த எலிமென்ட்? எரர் மெசேஜில் அதன் எண் இருக்கும். ரன் நிற்பதற்குக் கொஞ்சம் முந்தைய நிலையை அனிமேஷனில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் எது அசாதாரணமாக நகர்ந்தது என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது.

2. அலகு சரியா? மி.மீ., டன், விநாடி என்ற அலகு முறையில் ஸ்டீலின் மீள்தன்மை எண் 2,10,000. கை தவறி 210 என்று கொடுத்தால், இரும்பு ஆயிரம் மடங்கு மென்மையாகி பாலித்தீன் மாதிரி நெளியும். மெஷ்ஷைக் குறைசொல்லிப் பயனில்லை.

3. பொருளின் வரைபடம் முழுமையா? ஃபோமுக்கு, சோதனைத் தரவு முடிந்த இடத்திலிருந்து வரைபடத்தை மேல்நோக்கிச் செங்குத்தாக நீட்டுவது வழக்கம். காற்றறைகள் மூடியதும் இறுகும் என்ற நிஜ இயற்பியலை இது மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பல நேரங்களில் இதுவே போதும்.

4. விசை எங்கே விழுகிறது? ஒரே ஒரு நோடில் பெரிய விசையைக் கொடுத்தால், அது ஊசியால் குத்துவது மாதிரி. நிஜத்தில் விசை ஒரு பரப்பில்தான் விழும். அதேபோல, தொடக்கத்திலேயே இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால், கான்டாக்ட் கணக்கு அவற்றை முதல் நொடியிலேயே வெடித்தாற்போல் விலக்கும்.

5. கட்டத்தின் வடிவம் என்ன? ஒரு திசையில் நசுங்கப் போகிறது என்று முன்பே தெரிந்தால், கட்டத்தை அந்தத் திசையில் நீளமாக வரையலாம். பாதி நசுங்கும்போது அது சதுரமாக வந்து நிற்கும். ‘சின்னக் கட்டம் போட்டா சரியாகிடும்’ என்பது எப்போதும் உண்மை இல்லை. நசுங்கும் ஃபோமில் சின்னக் கட்டம் இன்னும் சீக்கிரம் புரளலாம்.

6. எலிமென்ட் வகை பொருந்துகிறதா? பல புள்ளிகளில் அளக்கும் எலிமென்ட்கள் துல்லியமானவை, ஆனால் பெரிய நசுங்கலில் சீக்கிரம் கைவிடும். ஒற்றைப் புள்ளி எலிமென்ட் தாங்கும், ஆனால் உடுக்கையைக் கண்காணிக்க வேண்டும்.

7. கடைசியாக, கட்டுப்பாடுகள். துளி நேரத்தை வழக்கமான 0.9 மடங்கிலிருந்து இன்னும் குறைக்கலாம். ஃபோமின் உள்ளேயே ஒரு கட்டம் இன்னொன்றைத் துளைக்காமல் தடுக்கும் உள் கான்டாக்ட்டைச் சேர்க்கலாம். இவை உதவும். ஆனால் மேலே உள்ள ஆறையும் பார்க்காமல் இதில் தொடங்குவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை போடுவது மாதிரி.

மெஷ்ஷையே மாற்றினால்?

சில வேலைகளில் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் மெஷ் தாங்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் அடித்து உருவம் மாற்றுவது, மண்ணுக்குள் தூணை இறக்குவது, விமான இன்ஜினில் பறவை மோதுவது போன்றவை. இவற்றுக்கு அணுகுமுறையே வேறு.

மறுபடி வலை போடுவது முதல் வழி. கட்டங்கள் கெட்டுப்போகத் தொடங்கியதும் கணக்கை நிறுத்தி, அந்த உருவத்துக்குப் புது மெஷ் போட்டு, பழைய மெஷ்ஷின் அழுத்தம், உருமாற்றம் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுகிறார்கள். உலோக உருவாக்கத்தில் இது அன்றாட வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் உச்ச மதிப்புகள் கொஞ்சம் மழுங்கும் என்பதுதான் விலை.

சட்டையும் ஜன்னலும் கலந்தது இரண்டாவது வழி. ‘ஏஎல்இ’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையை ஹர்ட், ஆம்ஸ்டன், குக் ஆகியோர் 1974இல் விவரித்தார்கள். பொருளோடு கொஞ்ச தூரம் மெஷ் நகரும். பிறகு கட்டங்கள் ஒழுங்கான இடத்துக்குத் திரும்ப, பொருள் அவற்றின் வழியாகப் பாயும். மென்மையான பொருளை ஜன்னல் கம்பி மெஷ்ஷிலும், கடினமான பாகத்தைச் சட்டை மெஷ்ஷிலும் வைத்து இரண்டையும் மோதவிடும் கலப்பு முறையும் உண்டு. ஈரச் சாலையில் டயர் தண்ணீரைத் தள்ளுவதை அப்படிக் கணக்கிடுகிறார்கள்.

மூன்றாவது வழியில் வலையே கிடையாது. பொருளைத் துகள்களாக வைத்து, ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகள்களைப் பார்த்து நகரும் ‘எஸ்பிஎச்’ முறை. 1977இல் இது உருவானது வானியலுக்காக! நட்சத்திரங்களைக் கணக்கிட வந்த முறை, இப்போது விமானத்தில் பறவை மோதுவதைக் கணக்கிட உதவுகிறது. புரள்வதற்குக் கட்டமே இல்லை. ஆனால் பொருள் இழுபடும்போது துகள்கள் காரணமே இல்லாமல் பிரிந்து, இல்லாத உடைப்பைக் காட்டலாம்.

துகளும் கட்டமும் கூட்டணி போட்டது நான்காவது வழி. ‘எம்பிஎம்’ முறையில் பொருளின் நினைவு எல்லாம் துகள்களிடம் இருக்கும். ஒவ்வொரு படியிலும் பின்னால் உள்ள ஒரு கட்டத்தில் கணக்குப் போட்டுவிட்டு, கோணலான கட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த படிக்குப் புதுக்கட்டம். 1994இல் டெபோரா சுல்ஸ்கியும் இணை ஆய்வாளர்களும் முன்வைத்த இந்த முறையை நீங்கள் அநேகமாகத் தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். 2013இல் வந்த டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படத்தில் பனி கட்டியாக ஒட்டுவதும் பொடியாக உதிர்வதும் இதன் உதவியால்தான்.

‘பேசாம டெலீட் பண்ணிடலாமே!’

இன்னொரு வழியும் இருக்கிறது. கோணலான எலிமென்ட்டை நீக்கிவிடுவது. ‘எரோஷன்’ என்று பெயர். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நெளிந்தால் அந்தக் கட்டம் மாடலிலிருந்து மறைந்துவிடும். கவசத்தைக் குண்டு துளைக்கும் கணக்கிலோ கண்ணாடி உடையும் கணக்கிலோ இதற்கு நியாயம் உண்டு. அங்கே பொருள் நிஜமாகவே கிழிகிறது.

நசுங்கும் ஃபோமில்? ஃபோம் எங்கேயும் போவதில்லை. நசுங்கி, இறுகி, அங்கேயே இருந்து விசையைத் தாங்குகிறது. அதை டெலீட் செய்தால் அந்த இடத்தில் வெறும் காற்று. அது தாங்க வேண்டிய விசையும் உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் கணக்கிலிருந்து காணாமல் போகும். பின்னால் இருக்கும் பாகம் அதிகமாக உள்ளே வரலாம், அல்லது டம்மியின் நெஞ்சில் விழும் விசை குறைவாகத் தெரியலாம். எப்படியும் பதிலைத் தீர்மானிப்பது இயற்பியல் இல்லை. ‘எந்த அளவில் நீக்குவது’ என்று பொறியாளர் டைப் செய்த ஓர் எண்.

சரி, முடிந்த ரன்னை எப்படி நம்புவது?

அனிமேஷன் அழகாக இருப்பது ஆதாரம் இல்லை. ரிப்போர்ட் எழுதும் முன் நான்கு கேள்விகள் போதும். ஆற்றல் கணக்கு சரியாக இருக்கிறதா, மோதலுக்கு முன் இருந்த மொத்த ஆற்றல் கடைசிவரை கிட்டத்தட்ட மாறாமல் இருக்கிறதா? உடுக்கை ஆற்றல் எவ்வளவு, அதுவும் மொத்த மாடலில் மட்டும் இல்லாமல் பாகம் பாகமாக எவ்வளவு? எடை எவ்வளவு சேர்ந்தது, எத்தனை எலிமென்ட்கள் நீக்கப்பட்டன, அவை எங்கே இருந்தன? கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் பதில் மாறுகிறதா? மாறினால், கிடைத்த பதில் காரைப் பற்றியது இல்லை, மெஷ்ஷைப் பற்றியது.

ஐந்தாவதாக ஒன்று, கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு கணக்கு. ஸ்லைப்னர் மூழ்கிய பிறகு, கால அவகாசம் இல்லாத நிலையில், மாற்று அடித்தளத்தின் வடிவமைப்பைப் பொறியாளர்கள் கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்து முறையில், கையால் போட்ட கணக்கோடு தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் முடிவுகள் பின்னால் வந்து சேர்ந்தன. புதிய தளம் 1993இல் கடலில் நிறுவப்பட்டது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வரும் காரின் ஆற்றல் 1.9 லட்சம் ஜூல் என்பதும் ஒரு நிமிடக் கைக்கணக்குதான். சிமுலேஷனின் ஆற்றல் வரைபடம் அந்த எண்ணிலிருந்து தொடங்கவில்லை என்றால், மெஷ்ஷைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய தவறு ஒன்று இருக்கிறது.

கார் வாங்கும்போது நாம் பார்ப்பது ஸ்டார் எண்ணிக்கையை மட்டும்தான். அந்த ஸ்டார் நிஜக் காரை மோதவிட்டுக் கொடுக்கப்படுகிறது, அதனால் அந்தச் சோதனையில் கோணல் மெஷ் ஏமாற்ற முடியாது. ஆனால் சாலையில் கார் எல்லா நேரமும் 64 கி.மீ. வேகத்தில், 40 சதவீத முன்பக்கத்தோடுதான் மோதும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்க்காத எண்ணற்ற கோணங்களுக்கும் வேகங்களுக்கும் சிமுலேஷன்தான் துணை. அங்கே கம்பி எவ்வளவு தடிமன், ஃபோம் எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்பவருக்கு, நெகட்டிவ் வால்யூம் எரர் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அது ‘இங்கே வந்து பாருங்க’ என்று இடத்தைக் காட்டிவிட்டு நிற்கிறது. அந்த இடத்தைப் பார்க்காமலே ரன்னை முடித்துவிட்டால், தவறு கம்ப்யூட்டரிலிருந்து இறங்கி காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.